பச்சைப் புத்தகம், பழுப்புப் புத்தகம்

சவுதியில் அந்தக் காலத்தில் இகாமா, அதாவது வெளிநாட்டவர் அங்கே தங்குவதற்கான அனுமதி, இப்போது மாதிரி அட்டை கிடையாது, சின்னப் புத்தகம். முஸ்லிம் என்றால் பச்சை, மற்ற எல்லாருக்கும் பழுப்பு. அல்கோபரில் ஒரு காண்ட்ராக்டிங் கம்பெனியின் பாஸ்போர்ட் செக்‌ஷனில் எனக்கு வேலை. இகாமா புதுப்பிப்பது, ஊருக்குப் போய்த் திரும்பி வர எக்ஸிட் ரீ-என்ட்ரி அனுமதி போடுவது, சைட்டுக்கு கேட் பாஸ் எடுப்பது, இதற்கெல்லாம் பேப்பர் தயார் செய்து, கம்பெனிக்காக அரசு ஆபீஸ்களுக்கு அலைகிற மந்தூப் கையில் கொடுத்து, ஜவாஸாத் என்கிற பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். என் மேசையில் எப்போதும் இரண்டு அடுக்குகள் இருக்கும், பச்சை ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம். என்னுடையது பச்சை. நான் ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம்.

அமெரிக்காவும் முஸ்லிம் உலகமும் மோதுகின்றன என்று டிவியில் வரைபடம் போட்டுப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வரும். எங்கள் ஆபீஸில் ப்ராஜெக்ட் மேனேஜர் டெக்ஸாஸ்காரர். ப்ளானிங் இன்ஜினியர் லாகூர், சர்வேயர் எகிப்து, கணக்கு பார்த்தவர் சூடான், மந்தூப் உள்ளூர் சவுதி. சைட்டில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும். எல்லாரும் ஒரே டீ பையனிடம் டீ வாங்கிக் குடித்தோம். சலா நேரத்தில் நாங்கள் தொழப் போனால் டெக்ஸாஸ்காரர் வேலையை நிறுத்திவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

2001 செப்டம்பருக்குப் பிறகும் அதே டீ, அதே மேசைதான், ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவுதிக்காரர்கள் என்று தெரிய வந்தபோது எங்கள் மந்தூப் முதலில் நம்பவில்லை, ஜோடித்தது என்றார். அவர் மட்டுமில்லை, அங்கே நிறையப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டெக்ஸாஸ்காரர் அதைப் பற்றி யாரிடமும் வாயே திறக்கவில்லை.

லாகூர் இன்ஜினியரின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 2003-ல் அவரை ஹூஸ்டனுக்கு ட்ரெயினிங் அனுப்பினார்கள். டெக்ஸாஸ்காரர்தான் பிடிவாதமாக நின்று அவர் பெயரைப் போட்டார், லெட்டரும் அவரே எழுதினார். அதற்குள் அமெரிக்காவில் தனிப் பதிவு என்று ஒரு முறை வந்திருந்தது. 25 நாட்டு ஆண்கள் கைரேகை, போட்டோ கொடுத்துத் தனியாகப் பதிய வேண்டும், நாட்டை விட்டுப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த 25-ல் வட கொரியாவைத் தவிர மற்றதெல்லாம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவோ பெரும் எண்ணிக்கையிலோ இருக்கிற நாடுகள். ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் மணிக்கணக்கில் உட்கார வைத்து, எந்த மசூதிக்குப் போவீர்கள், யாரையெல்லாம் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் திரும்பி வந்த பிறகு மேனேஜரோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதை நிறுத்திவிட்டார். மேனேஜர் என்ன செய்தார் பாவம்? ஆனால் அவமானப்பட்டவரிடம் போய் அந்த ஞாயத்தைப் பேச முடியாது, பேசவும் கூடாது. அந்தப் பதிவில் 80,000 பேருக்கு மேல் போய் நின்றார்கள். அதன் வழியாகப் பிடித்துப் பயங்கரவாதக் குற்றம் நிரூபித்தது என்று ஒருவர்கூட இல்லை. வேறு விசா குறைகளைக் காட்டி ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்புகிற வழக்குதான் நடந்தது. லாகூர்க்காரரின் மனசில் விழுந்தது எந்தக் கணக்கிலும் வராது.

மந்தூப்போடு ஜவாஸாத்துக்குப் போய் வருகிற வழியில் நிறையப் பேசுவோம். அவருடைய சித்தப்பா மகன் ஒருவர் எண்பதுகளில் சோவியத் படையோடு சண்டை போட ஆப்கானிஸ்தானுக்குப் போனவர். அப்போது மசூதியில் வசூல் நடந்தது, போகிறவனுக்கு விமான டிக்கெட்டில் சலுகை, ஊரே தட்டிக்கொடுத்து அனுப்பியது, அமெரிக்காவும் எங்கள் பக்கம்தான் என்று ஒரு நாள் காரை ஓட்டிக்கொண்டே சொன்னார். பொய்யில்லை. 1983-ல் ஆப்கான் முஜாஹிதீன்களை ரீகன் வெள்ளை மாளிகையில் உட்கார வைத்துப் பேசினார். 1986-லிருந்து ஸ்டிங்கர் ஏவுகணை போனது. சிஐஏ ஒரு டாலர் போட்டால் சவுதி அரசு ஒரு டாலர் போடும், பணம் பாகிஸ்தான் வழியாகப் போகும், இதுதான் ஏற்பாடு. சோவியத் படை 1989-ல் வெளியேறியது. சண்டைக்குப் பழகிய பையன்கள் ஊருக்குத் திரும்பினால் என்ன செய்வார்கள் என்று வாஷிங்டனிலும் ரியாத்திலும் யாரும் உட்கார்ந்து யோசித்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த வருடமே சதாம் குவைத்துக்குள் நுழைந்தார், அமெரிக்கப் படை லட்சக்கணக்கில் சவுதியில் இறங்கியது. மக்காவும் மதீனாவும் இருக்கிற மண்ணில் அந்நியப் படையா என்ற கோபத்தைத்தான் பின்லாடன் பிடித்துக்கொண்டான். அந்தக் கோபம் எங்கள் மந்தூப்புக்கும் இருந்தது, சாதாரணமாகக் கடை வைத்திருப்பவருக்கும் இருந்தது, அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஒரு நாட்டு மக்களைக் கேட்காமலே அவர்கள் நாட்டில் படையை வைத்திருந்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் 2003-ல் அந்தப் படையில் பெரும்பகுதி கத்தாருக்குப் போய்விட்டது, குண்டு மட்டும் நிற்கவில்லை. அந்த வருடம் மே 12 அன்று ரியாத்தில் வெளிநாட்டவர் குடியிருப்புகளில் குண்டு. நவம்பர் 8 அன்று, அதுவும் ரமலான் மாதத்தில், முஹையா காம்பவுண்டில் குண்டு. அங்கே செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அரபிகள், அதில் குழந்தைகளும் உண்டு. அதற்கு அப்புறம் எங்கள் மந்தூப் ஜோடித்தது என்ற பேச்சை விட்டார். நோன்பு திறக்கிற நேரத்தில் கையில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, இவங்க யாரோட மார்க்கத்தைப் பேசறாங்க என்று என்னிடம் கேட்டார். அந்த மனிதர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

அப்புறம் 2004. ஏப்ரல் கடைசியில், ஈராக்கில் அமெரிக்க ராணுவம் கைதிகளைச் சித்திரவதை செய்த அபு கிரைப் சிறைப் படங்கள் வந்தன. மெஸ் ஹாலில் அரபி சேனலில் திரும்பத் திரும்ப ஓடியது. தலையில் முக்காடு போட்டு, கையில் ஒயர் கட்டி, பெட்டி மேல் நிற்க வைத்த அந்த மனிதனின் படத்தைப் பார்த்த யாருக்கும் அன்று சோறு இறங்கவில்லை. எகிப்து சர்வேயர் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் டெக்ஸாஸ்காரர் ஆபீஸில் எங்கள் எல்லாரையும் பார்த்து, நான் அந்த ராணுவத்தில் இருந்தவன், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேபினுக்குள் போய்விட்டார். அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை. சொன்னதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

மே 29, சனிக்கிழமை. அப்போது அங்கே வியாழன் வெள்ளிதான் விடுமுறை, சனிக்கிழமை வாரத்தின் முதல் வேலை நாள். காலையில் நாலு பேர் ராணுவ உடுப்பு மாதிரிப் போட்டுக்கொண்டு கோபரில் எண்ணெய் கம்பெனி ஆபீஸ்களுக்குள் புகுந்து சுட்டார்கள், அப்புறம் ஒயாசிஸ் குடியிருப்புக்குள் போனார்கள். எங்கள் ஆபீஸ் கதவைப் பூட்டிவிட்டு உள்ளேயே இருந்தோம். ஹெலிகாப்டர் சத்தம், போன் வேலை செய்யவில்லை, ஊரிலிருந்து வந்த ஒன்றிரண்டு அழைப்பும் பாதியில் அறுந்தது. மறுநாள்தான் கமாண்டோக்கள் மாடியில் இறங்கி மீட்டார்கள். செத்தவர்கள் 22 பேர். அதில் அமெரிக்கர் ஒருவர். இந்தியர்கள் எட்டுப் பேர். பிலிப்பைன்ஸ்காரர்கள் மூன்று பேர், இலங்கைக்காரர்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பத்து வயது எகிப்துப் பையன் ஒருவன். அமெரிக்காவை அடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் கொன்றது இவர்களை. சுட்ட நாலு பேரில் மூன்று பேர் தப்பியும் போனார்கள்.

உள்ளே இருந்தவர்களிடம் நீ முஸ்லிமா என்று கேட்டுப் பிரித்திருக்கிறார்கள். இது வெளியே வந்ததும் கேம்ப்பில் இரவெல்லாம் யாரும் தூங்கவில்லை. என் அறையில் தென்காசிக்காரர் ஒருவர், எலக்ட்ரீஷியன், எல்லாருக்கும் அண்ணாச்சி. வயதில் என்னைவிட மூத்தவர், முருக பக்தர். விளக்கை அணைத்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "பாய், நாளைக்கு நம்ம சைட்டுக்கும் வந்தாம்னா என்ன சொல்லணும்? அந்தக் கலிமாவை எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

கலிமா என்பது இறைவன் ஒருவனே, முஹம்மது அவன் தூதர் என்று சொல்கிற எங்கள் உறுதிமொழி. எனக்கு அதை உம்மா சொல்லிக்கொடுத்தபோது மூன்று வயதோ நாலு வயதோ. குழந்தை காதில் ஓதுவதும் சாகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதும் அதுதான். அதை, என் மார்க்கத்துக்காரன் கையால் சாகாமல் இருப்பதற்காக ஒரு மனிதர் என்னிடம் கேட்கிறார். சொல்லிக்கொடுத்தேன். நாகர்கோவில் கிறிஸ்தவப் பையன் ஒருவனும் எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டான். அரபி உச்சரிப்பு வராமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள், நான் திருத்தினேன். எனக்கு அந்தக் கொலைகாரர்கள் மேல் வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. எங்கள் உயிருக்கு மேலாக நாங்கள் வைத்திருக்கிற வாக்கியத்தை அவர்கள் கேட் பாஸ் ஆக்கினார்கள். அண்ணாச்சி மறுநாள் சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாளில் அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போனார், பழுப்பு இகாமாவும் அதே பையில் இருந்தது. இகாமாவைக் காட்டச் சொன்னால் அந்தப் பழுப்பு நிறமே காட்டிக்கொடுத்துவிடும், கலிமா எதற்கும் உதவாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் இருக்காது.

அமெரிக்கத் தூதரகம் ஏப்ரலிலேயே தன் மக்களைக் கிளம்பச் சொல்லிவிட்டது. டெக்ஸாஸ்காரரும் குடும்பத்தை அனுப்பிவிட்டிருந்தார். ஜூனில் ஹெலிகாப்டர் வேலைக்கு வந்திருந்த பால் ஜான்சன் என்ற அமெரிக்கரை ரியாத்தில் கடத்திப்போய்க் கழுத்தை அறுத்த பிறகு டெக்ஸாஸ்காரரும் கிளம்பினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது, அவர் தலைக்குத்தான் முதல் குறி. ஆனால் எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் கம்பெனி பெட்டகத்தில் இருந்தது. ஊருக்குப் போகிறேன் என்று அந்த வாரம் எழுதிக் கொடுத்தவர்களின் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன, ப்ராஜெக்ட் முடியட்டும் என்று மேலிருந்து பதில் வந்தது. ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடன் தீராமல் ஊருக்குப் போகவும் பலருக்கு வழியில்லை. அந்தச் சண்டையில் நடுவில் மாட்டியவன் ஓடக்கூட முடியாது என்பதை அந்த விண்ணப்பக் கட்டில் பார்த்தேன்.

டிசம்பரில் ஜித்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தைத் தாக்கினார்கள். அங்கே கொல்லப்பட்ட ஊழியர்கள் ஐந்து பேர், ஒருவர்கூட அமெரிக்கர் இல்லை. செய்தி வந்தபோது ஆபீஸில் யாரும் ஆச்சரியப்படவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நான் ஊர் திரும்பிப் பல வருடங்கள் கழித்து, 2017 ஜனவரியில், சூடான் கணக்காளரிடமிருந்து வாட்ஸாப்பில் அழைப்பு. மகளுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்திருந்தது. ட்ரம்ப் ஏழு நாடுகளின் மக்களைத் தடுத்து உத்தரவு போட்டார், அதில் சூடானும் ஒன்று. மனிதர் எப்போதும் நிதானமாகப் பேசுபவர், அன்று கத்தினார். அந்த 19 பேரில் ஒரு சூடான்காரன் இருந்தானா, சொல் என்றார். இல்லை. அந்த 19 பேரும் சவுதி, அமீரகம், எகிப்து, லெபனான் ஆகிய நாலு நாட்டுக்காரர்கள். அந்த நாலில் ஒன்றுகூட உத்தரவில் இல்லை. மே மாதம் ட்ரம்ப் தன் முதல் வெளிநாட்டுப் பயணமாக ரியாத்துக்கே போனார், தீவிரவாதத்தை எதிர்க்க ஒரு மையத்தைத் திறந்து வைத்தார், 11,000 கோடி டாலருக்கு ஆயுத ஒப்பந்தம் என்று அறிவித்தார்கள். அரசாங்கங்களுக்கு நடுவில் இருந்த நட்பு 1945-லிருந்து ஒரு நாளும் முழுசாக முறிந்ததில்லை, எண்ணெயும் ஆயுதமும் அதை விடாது. தீவிரவாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் கணக்காளரின் மகளும் லாகூர் இன்ஜினியரும்தான் நிறுத்தப்படுகிறார்கள்.

செப்டம்பரில் சூடானைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதற்குள் அந்த வருட அட்மிஷன் போய்விட்டது. அந்தப் பெண் கோலாலம்பூரில் சேர்ந்து பார்மஸி படித்தாள், அமெரிக்காவுக்கு மறுபடி விண்ணப்பிக்கவே மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம்.