நார்மல்தானே ஆச்சு?

முதல் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "நார்மலா, ஆபரேஷனா?" நார்மல் என்று அம்மா சொன்னதும் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். "அப்புறமென்ன, பதினாறு நாள்ல எந்திரிச்சு ஓடியாடலாம்" என்பார்கள். நானோ ஆறாவது வாரத்திலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

2019 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் பையன் பிறந்தான். விடிகாலையில் பனிக்குடம் உடைந்தது. வலி சரியாக வரவில்லை என்று டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். ராத்திரி பத்து மணிக்கு முழுசாகத் திறந்தாயிற்று, முக்கு என்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் முக்கினேன். குழந்தையின் முகம் மேல்பக்கம் பார்த்தபடி இருந்ததால் தலை இறங்கவில்லை. கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். 3.8 கிலோ. தையல் போடவே முக்கால் மணி நேரம் ஆனது. எத்தனை தையல் என்று கேட்டேன். "அதெல்லாம் எண்ணக் கூடாதும்மா" என்றார் நர்ஸ்.

அடுத்து வரும் விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எனக்குக் காற்றை அடக்க முடியாமல் போனது. மலம் வருகிற உணர்வு வந்தால் ஐந்து நிமிடம் தாங்காது. நான் பள்ளி ஆசிரியை. ஒரு முறை தேர்வுக்கூடக் கண்காணிப்பில், மூன்று மணி நேரம் வெளியே போக முடியாத இடத்தில், இரண்டாவது மணி நேரத்தில் வந்துவிட்டது. மாற்று ஆள் வருவதற்குள் என்ன ஆனது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்று கட்டியிருந்த புடவையை அதன் பிறகு கட்டவே இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "பிள்ளை பெத்தவ எல்லாருக்கும் இருக்கிறதுதான், போகப் போகச் சரியாகும்" என்றார். வீட்டுக்காரரிடம் சொல்லவே ஒரு வருடம் ஆனது. அவர் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?" சொல்லாமல் என்ன, நாற்பதாம் நாள் போனபோது சொன்னேன். தையல் ஆறிவிட்டது, நிறையத் தண்ணீர் குடி என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது குழந்தைக்கு யோசிக்க ஆரம்பித்த சமயத்தில்தான் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "பழைய கேஸ் ஷீட் வாங்கிட்டு வாங்க" என்றார். என்னிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். அதில் ஆயுதம் போட்டது உண்டு, கிழிசல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்நோயாளியின் ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருட விதிகளில் இருக்கிறது. எனக்கு அப்போது இரண்டே முக்கால் வருடம் ஆகியிருந்தது. எழுத்தில் மனு கொடுத்து, ரெக்கார்ட்ஸ் அறைக்கு நான்கு நடை நடந்தோம். 72 மணி நேரமெல்லாம் இல்லை, பதினொரு நாள்.

ஜெராக்ஸில் டாக்டரம்மா ஒரு வரியைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். மூன்றாம் நிலைக் கிழிசல், 3பி. ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றன. வெளி வளையத்தின் கனத்தில் பாதிக்கு மேல் கிழிந்தால் அது 3பி, உள் வளையமும் கிழிந்தால் 3சி. முதல் பிரசவம், பெரிய குழந்தை, மேல்பார்த்த தலை, ஆயுதம் என்று அதற்கான காரணங்கள் எல்லாம் என் கேஸில் வரிசையாக இருந்தன. யாரோ தப்பு செய்ததால்தான் ஆகியிருக்க வேண்டும் என்றில்லை, நல்ல கைகளிலும் நடக்கும் என்றார் அவர். இருக்கலாம். எனக்குக் கோபம் கிழிந்ததில் இல்லை. ஏட்டில் எழுதி வைத்துவிட்டு என்னிடம் சொல்லாமல் விட்டதில்தான். தெரிந்திருந்தால் அந்த வருடங்களில் பயிற்சியாவது செய்திருப்பேன்.

அந்தப் பயிற்சியை மதுரையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தார். கூட்டத்தில் காற்று வெளியேறிவிடாமல் எப்படி இறுக்கிப் பிடிப்போமோ அப்படி இறுக்கி, பத்து எண்ணி, முழுசாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் இறுக்குவது மாதிரியே முக்கியமாம். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிற்றையோ தொடையையோ இறுக்கினால் கணக்கில் வராது. போர்டில் எழுதிக்கொண்டே செய்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு என்ன தெரியப்போகிறது. மூன்று மாதத்தில் அவசரம் குறைந்தது. ஐந்து நிமிடம் கால் மணி ஆனது. காற்று மட்டும் அவ்வப்போது தப்பியது.

அப்படி இருக்கும்போதே இரண்டாவது உண்டானேன்.

ஐந்தாம் மாதம் மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். விரல் கனத்தில் ஒரு கருவியை ஆசனவாயில் வைத்து எடுப்பது. கூச்சம்தான், வலியில்லை. திரையில் வெள்ளை வளையம் தெரிந்தது. கடிகாரமாக நினைத்துக்கொண்டால் 11 மணியிலிருந்து 1 மணி வரை வளையம் விட்டிருந்தது. மூன்று வருடமாக என் மனசில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்ததில் ஒரு நிம்மதி. அழுதுவிட்டேன். ஸ்கேன் எடுத்தவர் வலிக்கிறதோ என்று பதறிப்போனார்.

டாக்டரம்மா இதைத்தான் செய் என்று சொல்லவில்லை. இப்படி ஒரு முறை கிழிந்தவர்களுக்கு அடுத்த நார்மலில் மறுபடியும் அந்த அளவு கிழிவது நூற்றில் ஐந்து முதல் ஏழு பேருக்கு. சொல்லப்போனால் பெரும்பாலானவர்களுக்கு ஆகாது. நார்மல் என்றால் வெந்நீர் ஒத்தடம், தலை வரும்போது கையால் தாங்கிப் பிடிப்பது, தேவைப்பட்டால் நேர் கீழாக இல்லாமல் நன்றாகப் பக்கவாட்டில் சாய்த்து வெட்டுவது என்று பார்த்துச் செய்யலாம். ஆனால் தொந்தரவு ஏற்கெனவே இருக்கிறது, ஸ்கேனிலும் இடைவெளி இருக்கிறது. புதிதாகக் கிழியாவிட்டாலும் இருப்பது மோசமாகலாம். ஆபரேஷன் என்றால் ரத்தப்போக்கு, தொற்று, காலில் ரத்தம் உறைவது, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து. "மூணாவது வேணுமா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். அப்படியானால் அந்தக் கடைசி ஆபத்து பெரிதில்லை. இன்னொன்றும் சொன்னார்: ஆபரேஷன் செய்தால் இப்போது இருப்பது சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

நூற்றில் ஐந்து என்பது கேட்கச் சின்ன எண். இரண்டு வாரம் நார்மல் பக்கமே சாய்ந்திருந்தேன். அப்புறம் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு அட்டவணை ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே கண்காணிப்பு நாட்களைப் பார்த்தபோது கை வேர்த்தது. "மோசமாகலாம்" என்ற சொல்லுக்கு எனக்கு மட்டும் தெரிந்த அர்த்தம் அதுதான். அன்று சாயங்காலமே டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அத்தை நம்பவே இல்லை. "முதல்ல ஆபரேஷன் ஆனவளுக்கு ரெண்டாவதும் ஆபரேஷன்னா சரி. நார்மல் ஆனவளுக்கு யாராவது வயித்தைக் கிழிப்பாங்களா? காசு பிடுங்கப் பாக்கறாங்க." அவரைக் குறை சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 64. அந்தக் கணக்கைச் சொல்லித் திட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. வீட்டுக்காரர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். என்ன வார்த்தையில் சொன்னாரோ தெரியாது. அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் உங்க வீட்டுக்காரன் பொறந்தப்புறம் அப்படித்தான். ரெண்டு மூணு வருஷம் கோயிலுக்கே போகலை" என்றார்.

அதோடு எதிர்ப்பு போய்ப் பஞ்சாங்கம் வந்துவிட்டது. ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள் 37ஆவது வாரத்தில் விழுந்தது. 39 வாரம் ஆகாமல் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் தொந்தரவு வரும் வாய்ப்பு அதிகம், நட்சத்திரத்துக்காகவெல்லாம் முடியாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நடுவில் வலி வந்தால் உடனே கிளம்பி வாருங்கள், அன்றே எடுத்துவிடலாம் என்பது மட்டும் ஏற்பாடு. கடைசியில் 39ஆவது வாரம் முடிந்த பின் ஒரு வியாழக்கிழமை முடிவானது. தியேட்டர் காலை ஏழு மணிக்குக் கிடைத்தது. வியாழன் ஆறிலிருந்து ஏழரை எமகண்டம். அத்தை நேராக டாக்டரம்மாவிடமே போய்ப் பேசி எட்டு மணி வாங்கி வந்தார்.

முதுகில் ஊசி போட்டபோது குளிரில் பல் கிட்டியது. வலியில்லை, ஆனால் உள்ளே மூட்டையைப் பிடித்து உலுக்குவது மாதிரி இருந்தது. பெண் குழந்தை, 3.3 கிலோ. வலியெல்லாம் மறுநாள்தான். இருமினால் வலி, சிரித்தால் வலி, படுக்கையிலிருந்து புரண்டு எழுவதற்கு ஒரு ஆள் வேண்டும். ஆபரேஷன் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பையன் மடியில் ஏற வந்ததைத் தடுக்க வேண்டியிருந்ததுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

ஆனால் ஒன்று. ஆபரேஷன் ஆனதிலிருந்து ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிலிருந்து டியூட்டி நர்ஸ் வரை எல்லோரும் என்னிடம் கேட்டது, "காத்து பிரிஞ்சதா?" குடல் வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளமாம், பிரிந்தால்தான் கெட்டியான சாப்பாடு தருவார்கள். மறுநாள் மத்தியானம் பிரிந்தது. நர்ஸ் சிரித்த முகமாக ஏட்டில் குறித்துக்கொண்டார். அத்தை வராந்தாவில் நின்று, மூன்று வீட்டுக்குக் கேட்கிற குரலில் ஊருக்குப் போன் செய்துகொண்டிருந்தார்: "ஆமா, காத்து பிரிஞ்சிருச்சு. இட்லி குடுக்கச் சொல்லிட்டாங்க."