வலப்பக்க இருக்கையிலிருந்து

துணை விமானியாகச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நடந்தது இது. தரையிறங்க வந்துகொண்டிருந்தோம், கேப்டன் ஓட்டுகிறார், கண்காணிப்பது என் வேலை. 1,000 அடி உயரத்துக்கு வரும்போது வேகம், இறங்கும் விகிதம், ஃபிளாப் (இறக்கையின் பின்புற மடல்கள்), செக்லிஸ்ட் எல்லாம் சரியாக முடிந்து விமானம் சீரான நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கும் முயற்சியை விட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும், அதற்கு "கோ அரவுண்ட்" என்று நான் குரல் கொடுக்க வேண்டும். அன்று 20 நாட் வேகம் அதிகம். நான் "ஸ்பீட்" என்று மட்டும் சொன்னேன், அதுவும் மெதுவாக. "தெரியும், குறைஞ்சிடும்" என்றார். குறையத்தான் செய்தது. ஓடுபாதையில் கொஞ்சம் தள்ளித் தரையைத் தொட்டோம், பிரேக் பிடித்தது, பயணிகள் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நாள் என்னை உறுத்தியது அதுதான். பேசாமல் இருந்ததற்கு எனக்குக் கிடைத்தது ஒரு சாதாரண மாலைப்பொழுது. அடுத்த முறையும் பேசாமல் இருக்க அது போதும்.

பயிற்சி வகுப்புகளில் 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று, புறப்பட ஓடத் தொடங்கிய விமானத்தின் ஃபிளைட் இன்ஜினியர் கேட்டார், கேப்டன் உறுதியாகப் பதில் சொன்னதும் அந்தச் சந்தேகம் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் என்னை அதிகம் பாதித்தது 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே நடந்த விபத்து. பழுதானது இடது இன்ஜின், விமானிகள் அணைத்தது வலது இன்ஜின். வலது இன்ஜினில்தான் கோளாறு என்று கேப்டன் அறிவித்தபோது, இடப்பக்கம் தீப்பொறியைக் கண்ணால் பார்த்தவர்கள் பயணிகளிலும் இருந்தார்கள், கேபின் ஊழியர்களிலும் இருந்தார்கள். அந்தத் தகவல் காக்பிட்டுக்குப் போகவே இல்லை. 47 பேர் இறந்தார்கள். விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் தப்பு சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் கேப்டன் ஆனபிறகு, கேபின் ஊழியர்களோடு பேசும்போது ஒன்றை விடாமல் சொல்கிறேன்: சத்தமோ வாசனையோ எதுவானாலும் கூப்பிடுங்கள், ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நல்லதுதானே. தூக்கம் சரியில்லாத நாளில் அதையும் துணை விமானியிடம் சொல்லிவிடுகிறேன், இன்று என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனியுங்கள் என்று. இதனால் மரியாதை குறையும் என்று நினைக்கிற கேப்டன்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

சென்ற வருஷம் அதே மாதிரி ஓர் இறக்கம். ஓட்டியது நான், பக்கத்தில் வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன பெண். 1,000 அடியில் தெளிவாகச் சொன்னார்: "அன்ஸ்டேபிள் (சீரான நிலையில் இல்லை), கோ அரவுண்ட்." 'தெரியும், குறைஞ்சிடும்' என்ற அதே வார்த்தைகள் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. விழுங்கிக்கொண்டு உந்துவிசையைக் கூட்டி மேலே ஏற்றினேன். சுற்றி வந்து இறங்கினோம், கொஞ்சம் எரிபொருளும் கொஞ்ச நேரமும் போனது, அவ்வளவுதான்.

இன்ஜினை அணைத்தபிறகு, "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ, கேப்டன்?" என்று தயங்கிக் கேட்டார். வேண்டாம், அங்கே சொன்னதுதான் சரி என்றேன். அப்புறம் ரிப்போர்ட்டை இருவரும் சேர்ந்து எழுதினோம். வேகத்தைக் குறைக்கத் தாமதித்தது கேப்டன் என்ற வரியை எழுத அவர் யோசித்தார், லேப்டாப்பை வாங்கி நானே அடித்தேன்.