தாத்தாவின் கடித உறைகளும் ஒரு தாம்பாளம் தண்ணீரும்

ஆச்சி காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பட்டுப் புடவைக்கு அடியில், சணல் கயிற்றால் கட்டிய கடித உறைகள் இருநூற்றுக்குச் சற்று மேல் இருந்தன. மலாயாவில் ஈப்போவில் கணக்குப்பிள்ளையாக இருந்த தாத்தா எழுதியவை பாதி. பின்னாளில் சென்னையில் படித்த அப்பா ஊருக்கு எழுதியவை மீதி. கடிதங்களை அத்தை எடுத்துக்கொண்டார். தபால்தலை சேர்க்கும் பழக்கம் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு என்பதால், உறைகள் என்னிடம் வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்து தபால்தலைகளைப் பிரித்தெடுக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிறுவனாக இருந்தபோது உலர்ந்த உறையிலிருந்து நகத்தால் நெம்பி உரித்திருக்கிறேன். அப்படி உரித்தவற்றைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், தாளின் ஒரு படலம் உறையோடு போய், அந்த இடம் மட்டும் வெங்காயச் சருகுபோல மெலிந்திருக்கும். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பழுதான தபால்தலைதான். ஆகவே இம்முறை எதையும் உரிப்பதில்லை, தண்ணீரில் தானாகப் பிரிந்தால் மட்டுமே எடுப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் வாரம் தண்ணீரையே தொடவில்லை. பிரித்து அடுக்குவதிலேயே போயிற்று. இன்லேண்டு கடிதங்களிலும் கார்டுகளிலும் தபால்தலை தாளிலேயே அச்சாகியிருப்பதால் அவற்றை முழுதாக ஒதுக்கி வைத்தேன். முத்திரை தெளிவாக விழுந்து, ஊர்ப் பெயரும் தேதியும் படிக்கும்படி இருந்த உறைகளையும் தனியே எடுத்தேன். எஞ்சியவற்றில்தான் கத்தரிக்கோல் வைத்தேன். தலையின் ஓரத்துப் பற்களை ஒட்டி வெட்டாமல் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தாள் விட்டு வெட்டினால் கை தவறினாலும் பல் அறுபடாது. பிறகு அந்தத் துண்டுகளைத் தாளின் நிறத்தைப் பார்த்துப் பிரித்தேன். விமான அஞ்சல் உறையின் சிவப்பு நீலக் கரையும், காப்பியிங் பென்சிலால் எழுதிய விலாசமும், ஊதா மையில் குத்திய ரப்பர் முத்திரையும் ஈரம் பட்டவுடன் சாயம் விடக்கூடியவை; வெள்ளைத் தாள் துண்டுகளோடு அவற்றைச் சேர்த்துப் போட்டால் எல்லாத் தலைகளும் ஊதா பூசிக்கொள்ளும்.

எங்கள் வீட்டு எவர்சில்வர் தாம்பாளம் இதற்கு மிகவும் தோதாக அமைந்தது. அகலமும் ஆழமின்மையும்தான் தேவை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் குடிக்கிற கேன் தண்ணீரையே வெதுவெதுப்பாக்கி இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, ஒரு தடவைக்கு இருபது துண்டுகளுக்கு மேல் போகாமல், படம் மேலே பார்க்கும்படி மிதக்க விட்டேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு தாள் நனைந்து கனத்து, தலையின் ஒரு மூலை மெல்ல எழும்பும். அப்போது கை துறுதுறுக்கும், தொடக்கூடாது. பதினைந்து இருபது நிமிடத்தில் தலையை இடுக்கியால் லேசாகப் பக்கவாட்டில் தள்ளினாலே தாளிலிருந்து வழுக்கி வந்துவிடும். வராதது இன்னும் ஊற வேண்டியது. பிரிந்த தலையின் முதுகில் பசை கஞ்சிபோல வழவழவென்று இருக்கும். அது முழுவதும் போகும்வரை இன்னொரு தட்டில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இந்த இரண்டாவது அலசலை நான் ஒருநாள் சோம்பலில் விட்டுவிட்டேன்; மறுநாள் காலையில் நான்கு தலைகள் காய்ந்த தாளோடு மறுபடியும் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஈரத்தலையைக் கவிழ்த்துப் பார்ப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. 1957 ஏப்ரல் முதல் தேதி தசம நாணயம் வந்தபோது இந்திய வரைபடம் போட்ட நயா பைசா தபால்தலைகள் வெளியாயின. அப்பாவின் உறைகளில் பெரும்பாலும் அவைதான். முதலில் வந்தவற்றின் தாளில் நட்சத்திர நீர்க்குறியும் (தாள் செய்யும்போதே அதற்குள் பதிக்கும் மங்கலான உருவம்), 1958 முதல் வந்தவற்றில் அசோகத் தூணின் சிங்க முகமும் உண்டு. காய்ந்த நிலையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். நனைந்த தலையைக் கறுப்புக் கல்லின் மேல் முகம் குப்புற வைத்தபோது, ஈரம் வற்ற வற்ற, தாளுக்குள்ளிருந்து முதலில் ஒரு நட்சத்திரம், அதன் பக்கத்தில் இன்னொன்று என்று தெளிந்து வந்தது. சிவப்பு நிறப் பதின்மூன்று நயா பைசாத் தலைகள் பதினொன்றை அன்றிரவு அப்படியே கல்லின் மேல் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டு வகையாகப் பிரித்தேன். இதற்கெனத் தனியாக எந்தத் திரவமும் வாங்கத் தேவைப்படவில்லை.

மலாயாத் தலைகளில்தான் அடிபட்டேன். ஈப்போ இருக்கும் பேரா மாநிலத்துச் சுல்தானின் உருவம் போட்ட, ஊதா கலந்த சிவப்பில் அமைந்த பத்து சென்ட் தலை ஒன்றில் பசை கொஞ்சம் மீதம் இருப்பதாக நினைத்து, முன்னும் பின்னும் விரலால் நீவினேன். சுல்தானின் கன்னத்து நிறம் என் விரலில் வந்துவிட்டது. அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவில் அடிக்கடி பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இது சுண்ணப்பூச்சுத் தாள் தம்பி. பவுடர் மாதிரி ஒரு பூச்சு மேல இருக்கும், அச்சு அதுலதான் நிக்குது. ஈரத்துல தொட்டீங்கன்னா கையோட வந்துரும்" என்றார். அந்தக் காலத்தில் லண்டனில் டிலாரூ நிறுவனம் அச்சிட்ட குடியேற்ற நாட்டுத் தலைகள் பலவும் இப்படிப்பட்ட தாளில்தான் வந்தன. கழுவி மறுபடியும் ஒட்டி அனுப்புகிறவர்களைத் தடுப்பதற்கென்றே, முத்திரையை அழிக்க முயன்றால் படமும் சேர்ந்து அழியும்படி அதைச் செய்தார்கள். அதன்பின் மலாயாத் தலைகளைக் குளிர்ந்த தண்ணீரில் தனியாக, ஒரு தடவைக்கு ஐந்து மட்டும் போட்டு, படத்தின் மேல் விரலே படாமல் எடுத்தேன். வேறு எதுவும் கெடவில்லை. கெட்ட அந்த ஒன்று இன்றும் மனத்தை உறுத்துகிறது.

காயவைக்க மையொற்றும் தாள்தான் நல்லது. செய்தித்தாளின் மை ஈரத்தலையில் ஏறிவிடும். முகம் குப்புறப் பரப்பி, மின்விசிறியை நிறுத்தி, முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான அகராதி ஒன்றை ஏற்றிவிட்டால் சுருளாமல் நிற்கும். சென்னையில் ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இந்த வேலையை எடுக்காதீர்கள். இரண்டு நாளானாலும் உள்ளீரம் போகாது, அந்த நிலையில் ஆல்பத்தில் வைத்தால் பூசணம் பிடிக்கும், ராமபாணப் பூச்சியும் வரும்.

அமெரிக்காவிலிருக்கும் தங்கை அனுப்பும் உறைகளையும் இதனோடு ஊறவைத்துப் பார்த்தேன். ஸ்டிக்கர்போல ஒட்டும் அந்தப் புதிய தலைகள் ஒரு மணி நேரமானாலும் அசையவில்லை. தாள் கூழானதுதான் மிச்சம். அவற்றைத் தாளோடு சதுரமாக வெட்டி வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஓர் உறை மிஞ்சியது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்திருந்த மூன்றரை ஆண்டுகளில் தாத்தாவிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். போர் முடிந்து ஆங்கிலேய ராணுவ நிர்வாகம் வந்ததும், ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட பழைய தலைகளின் மேல், அந்த நிர்வாகத்தின் ஆங்கிலச் சுருக்கத்தோடு 'பி.எம்.ஏ. மலாயா' என்று அச்சிட்டு வெளியிட்டார்கள். அந்த எழுத்தோடு கூடிய தலை ஒட்டி, 1946-இல் ஈப்போ முத்திரையுடன் வந்த உறை அது. தாத்தா உயிரோடு இருக்கிறார் என்று இந்த வீட்டுக்குச் சொன்ன உறை. தலையின் கீழ் மூலை ஏற்கெனவே சற்று எழும்பியிருக்கிறது, தண்ணீரில் போட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். அதைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, ஆச்சியின் விலாசம் மேலே தெரியும்படி, ஆல்பத்தின் முதல் பக்கத்தில் முழுதாகவே வைத்திருக்கிறேன்.