ஃபிராங்கன்ஸ்டைன் 1818, 1831: முதல் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்ட ஒப்பீடு

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் 1818, 1831 பதிப்புகளைக் கணினியில் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவழியாக முதல் பாகத்தின் முதல் அத்தியாயம் பொருந்திவிட்டது. மற்ற 22 அத்தியாயங்களும் பெரிய தகராறு இல்லாமல் வரிக்கு வரி உட்கார்ந்தன. இந்த ஒன்று மட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு விதமாகக் கலைந்து நின்றது. காரணம் நாவலில் பாதி, கருவியில் பாதி. கருவியின் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அத்தியாயக் கணக்கு. 1818 பதிப்பு மூன்று பாகம். அத்தியாயங்கள் 7, 9, 7. ஒவ்வொரு பாகத்திலும் எண் 1இலிருந்து தொடங்கும். 1831 பதிப்பு கோல்பர்ன் – பென்ட்லியின் ‘ஸ்டாண்டர்ட் நாவல்ஸ்’ வரிசையில் 9ஆவது எண்ணாக ஒரே பாகமாக வந்தது. அதில் 24 அத்தியாயங்கள். பழைய முதல் அத்தியாயம் பெருத்து இரண்டாக உடைந்ததால்தான் இந்த ஒன்று கூடுதல். ஆகவே 1818இன் முதல் பாகம் 1, புதியதில் 1, 2. முதல் பாகம் 2 என்பது 3. இரண்டாம் பாகம் 1 என்பது 9. மூன்றாம் பாகம் 1 என்பது 18. இந்தப் பட்டியலை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முழு நாவலையும், ஏறத்தாழ 75,000 சொற்களையும், ஒரே மூச்சில் கருவிக்குள் தள்ளினால் நேரமும் போகும், விளைவும் நம்பத்தக்கதாக இருக்காது.

இலவசமாகக் கிடைக்கும் கோப்புகளில் எந்தப் பதிப்பு என்று குறிப்பே இல்லாதவை பல. அத்தியாய எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. 1818 பாடத்தை 1 முதல் 23 வரை தொடர் எண் போட்டு அச்சிடுபவர்களும் உண்டு. கதாநாயகன் விக்டர் பின்னால் மணக்கும் எலிசபெத், சிறுவயதில் அவன் வீட்டுக்கு எப்படி வருகிறாள் என்று பாருங்கள். விக்டரின் அத்தை மகளாக வந்தால் 1818. கோமோ ஏரிப் பக்கம் ஒரு ஏழைக் குடியானவர் வீட்டில் விக்டரின் தாய் கண்டெடுத்த மிலான் பிரபுவின் மகளாக வந்தால் 1831. சந்தேகம் தீராவிட்டால், விதி மிக வலியது என்று பொருள்படும் ‘டெஸ்டினி வாஸ் டூ போட்டன்ட்’ என்ற தொடரைத் தேடுங்கள். அது 1831இல்தான் உண்டு.

சுத்தம் செய்வதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்திக்கு ஒரு வரி, மேற்கோள் குறிகளை ஒரே வகையாக்குவது, நீளக் கோடுகளின் இருபுறமும் இடைவெளி. கோட்டை அப்படியே விட்டால் இரண்டு சொல் ஒட்டி ஒரு சொல்லாகிவிடும். இல்லாத பாடபேதம் ஒன்று முளைக்கும். நிறுத்தற்குறிகளை முதல் ஓட்டத்தில் எடுத்துவிட்டு, மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பைத்தான் நிரல்மொழியின் ‘டிஃப்லிப்’ நூலகத்தில் இருக்கும் ‘சீக்வென்ஸ் மேட்சர்’தான் பலரும் கைவைக்கும் கருவி. சொற்பட்டியல் இரண்டைக் கொடுத்தால் பொதுவாக இருக்கும் மிக நீண்ட தொடரைப் பிடிக்கும். பிறகு அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் அதே வேலையைத் திரும்பச் செய்யும். நல்ல முறைதான். ஆனால் உள்ளே ‘ஆட்டோஜங்க்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது இயங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவதாகக் கொடுக்கும் பட்டியலில் 200 உருப்படிகளோ அதற்கு மேலோ இருந்தால், அதில் சுமார் 1 சதவீதத்துக்கு மேல் வரும் உருப்படிகளை ‘அடிக்கடி வருவது’ என்று முத்திரை குத்தி, பொருத்தம் தேடும்போது ஒதுக்கிவிடும். 3,000 சொல் அத்தியாயம் என்றால் 31 தடவைக்கு மேல் வரும் சொல்லெல்லாம் போச்சு. நிரல் வரிகளை ஒப்பிடும்போது வெற்று வரிகளை ஒதுக்க இது உதவும். ஆங்கில உரைநடையில் இந்த வடிகட்டியில் சிக்குவது ‘தி’, ‘ஆஃப்’, ‘டு’, ‘ஐ’, ‘மை’, ‘வாஸ்’. தன்மையில் சொல்லப்படும் நாவலில் ‘ஐ’ போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

இதனால் என்ன ஆகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் பார்க்கலாம். 1818இல் விக்டர் தன்னையும் எலிசபெத்தையும் ஒப்பிடும் இடம். உலகம் எனக்கு ஒரு ரகசியம், அதைக் கண்டுபிடிக்க விரும்பினேன். அவளுக்கோ அது ஒரு வெற்றிடம், தன் கற்பனைகளைக் கொண்டு அதில் குடியேற்ற விரும்பினாள். இது 1818. 1831இல் முதல் பாதி மட்டும் நிற்கிறது. அதிலும் கடைசிச் சொல் மாறியிருக்கிறது. ‘டிஸ்கவர்’ இருந்த இடத்தில் ‘டிவைன்’. கண்டுபிடிப்பது என்பது போய், உள்ளுணர்வால் துருவி அறிவது என்றாகிறது. இரண்டுக்கும் பொதுவான தொடர், ‘தி வேர்ல்ட்’ தொடங்கி ‘ஐ டிசயர்ட் டு’ வரை, சரியாக 11 சொல். அத்தியாயத்தையே நங்கூரம் போட்டு நிறுத்த வேண்டிய தொடர் இது. ஆட்டோஜங்க் ஓடும்போது ‘வாஸ்’, ‘டு’, ‘ஐ’ எல்லாம் எண்ணிக்கையில் சேராது; 11 சொல் தொடர் துண்டுதுண்டாகிறது. நீளத்தில் தோற்றுப்போய், வேறெங்கோ தற்செயலாக ஒத்துப்போகும் நாலைந்து அரிய சொற்கள் முந்திக்கொள்கின்றன. ஒருமுறை தவறான இடத்தில் நங்கூரம் விழுந்துவிட்டால், இடப்பக்கம் இருப்பது வலப்பக்கத்தோடு பொருந்தவே முடியாது. அந்த அத்தியாயம் முழுக்க நீக்கம், சேர்ப்பு என்று சிவப்பும் பச்சையுமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அடையாளம் காண எளிய வழி: இரண்டு கோப்புகளையும் இடம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ஒதுக்கும் கணக்கு இரண்டாவது பட்டியலை வைத்து மட்டுமே நடக்கிறது. வரிசையை மாற்றியதும் விளைவு பெரிதாக மாறினால் முதல் சந்தேகம் ஆட்டோஜங்க் மேல் விழ வேண்டும். தீர்வு ஒற்றை அமைப்புதான், ‘ஆட்டோஜங்க்’ மதிப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்குவது. வேகம் குறையும், அத்தியாயம் அத்தியாயமாக ஓட்டினால் அது ஒரு பொருட்டே அல்ல.

மற்ற அத்தியாயங்களில் இந்தக் கோளாறு வெளியே தெரியாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. அங்கெல்லாம் பத்தி பத்தியாகச் சொல் மாறாமல் ஓடுவதால், அரிய சொற்களே போதிய பிடிமானம் கொடுத்துவிடுகின்றன. முதல் அத்தியாயத்தில் அப்படி இல்லை. ‘நான் பிறப்பால் ஜெனிவாக்காரன்’ என்று இரண்டும் ஒன்றாகத் தொடங்கி, தந்தையின் நண்பர் போஃபோர் கதை வரை கிட்டத்தட்ட சேர்ந்தே வந்து, அங்கிருந்து 1831 தனி வழி போகிறது. இத்தாலிப் பயணம், குடியானவர் வீடு, எலிசபெத் என எல்லாம் புதுச் சரக்கு. அதைத் தாண்டியபின் பொது வாக்கியங்கள் தீவுகளாகத்தான் கிடைக்கின்றன.

அதனால் அமைப்பை மாற்றியதோடு நிறுத்தாமல் இன்னொரு படியும் சேர்த்தேன். இரண்டு பக்கமும் சரியாக ஒரே ஒரு தடவை வரும் 5 சொல் தொடர்களை மட்டும் எடுத்துப் பட்டியலிட்டு, அவற்றின் இடத்தில் பாடத்தை வெட்டி, துண்டுக்குத் துண்டு ஒப்பிடுவது. 3 சொல் போதாது. சாதாரண வழக்குகளெல்லாம் உள்ளே வந்துவிடும். 12 சொல் வைத்தால் மேலே சொன்ன ரகசிய வாக்கியமே வலையில் விழாது. 5 இந்த நாவலுக்குச் சரியாக இருக்கிறது.

இதிலும் சிக்காத ஒன்று உண்டு. 1818இல் தம்பி எர்னஸ்ட் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் வருகிறான், விக்டரைவிட ஆறு வயது இளையவன், அவனிடம் பாடம் கற்பவன். 1831இல் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்திலேயே ‘ஏழு வயது இளைய இரண்டாவது மகன்’ என்று பிறந்துவிடுகிறான். செய்தி இடம் மாறியது, வயது மாறியது, சொல்லும் முழுக்க மாறியது. எந்தக் கருவியும் இதை இணைக்காது; ஒரு பக்கம் நீக்கம், மறுபக்கம் சேர்ப்பு என்றே காட்டும். இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் கோக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தேவையற்ற வேறுபாடுகளைக் குறைக்கிறேன் என்று ‘ஐ’, ‘வி’ மாதிரிச் சின்னச் சொற்களின் வேறுபாட்டை வடிகட்டிவிடாதீர்கள். ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஷமூனிக்குப் போகும் பயணத்தில் (1831இல் அத்தியாயம் 9, 10) வரிசையாக ‘நாங்கள்’ போய் ‘நான்’ வரும். பார்க்க அற்பமாக இருக்கும். உண்மையில் கதையின் அமைப்பே அங்கே மாறியிருக்கிறது. 1818இல் அப்பா, எலிசபெத், எர்னஸ்ட் எல்லோரும் கூடப் போகிறார்கள். 1831இல் விக்டர் தனியாகப் போகிறான், முதல் பகுதி குதிரையில், பிறகு கோவேறு கழுதையில். பனிப்பாறையில், தான் படைத்த அந்த உயிரைச் சந்திப்பதற்கு முன்பே அவனைத் தனிமைப்படுத்தியாகிவிட்டது. மேரி ஷெல்லி செய்த மாற்றங்களிலேயே மிகச் சிக்கனமானது இது என்பேன். பெரும்பகுதி பிரதிப்பெயர்களை மாற்றியே சாதித்திருக்கிறார்.

இந்த இடம் வேறொரு விதத்திலும் முக்கியம். 1831 முன்னுரையில் (அக்டோபர் 15 தேதியிட்டது) கதையின் எந்தப் பகுதியையும் மாற்றவில்லை, புதிய கருத்தோ சூழலோ சேர்க்கவில்லை, நடையைத்தான் திருத்தினேன், அதுவும் கிட்டத்தட்ட முதல் பாகத்தின் தொடக்கத்தில்தான் என்கிறார். ஒப்பீடு அப்படிச் சொல்லவில்லை. ஷமூனி இரண்டாம் பாகம். மூன்றாம் பாகத்திலும் உண்டு: திருமணத்துக்குப் பின் குடியிருக்க 1818இல் ஜெனிவா பக்கத்துக் கொலோன்யி அருகே வீடு வாங்குகிறார்கள், 1831இல் எலிசபெத்துக்குச் சொந்தமான கோமோ கரை வில்லா லவென்ஸா வருகிறது. விக்டரின் நண்பன் கிளெர்வல் லண்டனில் இருக்கும்போது 1831இல் புதிதாக ஒரு திட்டம் சேர்கிறது. இந்தியாவுக்குப் போய், அங்குள்ள மொழிகளைப் பற்றிய தன் அறிவைக் கொண்டு ஐரோப்பியக் குடியேற்றத்துக்கும் வாணிபத்துக்கும் துணை செய்வது. நடைத் திருத்தம் என்று இதை எப்படிச் சொல்ல முடியும்? நண்பனின் இயல்பே மாறிவிடுகிறது.

நீக்கங்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். விரிவான பதிப்பு என்றதும் சேர்த்ததை மட்டுமே பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. செய்யாத கொலைக்காக வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டினைத் தூக்கிலிடப்போகும் நேரத்தில் 1818இன் எலிசபெத் கொதிக்கிறாள். ஒரு உயிர் கொல்லப்பட்டால் இன்னொரு உயிரை மெல்லச் சித்திரவதை செய்து பறிக்கிறார்கள், அதற்குப் பழிக்குப் பழி என்று பெயரும் வைக்கிறார்கள் என்கிறாள். 1831இல் அந்தப் பேச்சு இல்லை. அதற்குப் பதில் ஜஸ்டின், வானகத்தின் சித்தத்துக்குப் பொறுமையோடு பணிய என்னிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறாள். எனக்கு இந்த இழப்பு பெரிது. எலிசபெத்துக்குப் பொன்முடியும் பிரபு வம்சமும் கிடைத்தன, குரல் போய்விட்டது.

ஓக் மரத்தில் இடி விழும் காட்சியும் அப்படித்தான். 1818இல் மின்சாரம் என்று விளக்குவது அப்பா. சின்ன மின்கருவியும் பட்டமும் செய்து காட்டுகிறார். 1831இல் அப்பாவுக்கு அறிவியல் தெரியாது. அங்கே இருந்த ஒரு அறிஞர் கால்வனிசம், அதாவது உயிர்களின் உடலில் மின்சாரம் செய்யும் வேலை, பற்றிப் பேசுகிறார். அதையடுத்துக் காவல் தேவதை, வலிய விதி. பேராசிரியர் வால்ட்மனின் சொற்பொழிவுக்குப் பின்னும் ‘விதியின் சொற்கள்’ என்று ஒரு வாக்கியம் சேர்கிறது. ஆனால் 1818இல் விதியே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அதே ஓக் மரப் பகுதியில் ‘சம் ஃபேட்டாலிட்டி’ (ஏதோ ஒரு விதி) 1818இலேயே இருக்கிறது. அங்கே ஒரு சொல்லாக இருந்தது இங்கே வாக்கியங்களாகி, விக்டர் தோளிலிருந்த பொறுப்பில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

நடுவிலுள்ள 1823 பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேரியின் தந்தை காட்வின் ஏற்பாட்டில் இரண்டு பாகமாக வந்தது, ஆங்கிலப் பதிப்புகளில் மேரியின் பெயர் முதலில் அச்சானது அதில்தான். 1831 பாடம் அதன்மேல் எழுந்தது. ஆகவே 1818க்கும் 1831க்கும் இடையில் தெரியும் சிறு வேறுபாடு எதுவும் 1823இலேயே நுழைந்ததாக இருக்கலாம். சரிபார்க்காமல் ‘1831இல் மாற்றினார்’ என்று எழுதக்கூடாது. கூடவே, ஜெனோவாவில் 1823இல் மேரி திருத்தங்கள் எழுதித் திருமதி தாமஸ் என்பவரிடம் கொடுத்துவிட்டு வந்த ‘தாமஸ் பிரதி’ இருக்கிறது, இப்போது நியூயார்க் மோர்கன் நூலகத்தில். ஜேம்ஸ் ரீகர் 1974இல் பதிப்பித்த 1818 பாடத்தில் அந்தத் திருத்தங்கள் பாடத்துக்குள்ளேயே கலந்திருக்கும். அதை அடிப்படையாக வைத்தால் கணக்கு தப்பும். 1818 மட்டும் வேண்டுமென்றால் மெரிலின் பட்லர் பதிப்பு நல்லது, முக்கிய வேறுபாடுகள் பின்னிணைப்பிலேயே உண்டு. ‘ஃபிராங்கன்ஸ்டைன் வேரியோரம்’ இணையத்தில் கையெழுத்துப் பிரதி உட்பட ஐந்து பாடங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்திருக்கிறது. நம் விளைவை அதோடு ஒத்துப்பார்ப்பது கடைசிப் படியாக இருக்கட்டும். முதலிலேயே பார்த்துவிட்டால் நம் கருவி எங்கே சறுக்குகிறது என்று தெரியாமலே போய்விடும்.

அடுத்து லெ ஃபானுவின் இரத்தக்காட்டேரிக் குறுநாவல் ‘கார்மில்லா’வை எடுக்கும் எண்ணம். 1871–72இல் ‘தி டார்க் புளூ’ இதழில் தொடராக வந்ததற்கும், 1872 தொகுப்பில் டாக்டர் ஹெசீலியஸ் முகவுரையோடு வந்ததற்கும் இடையில் அளவு சிறியது, வேலை சுலபம். ஸ்டீபன் கிங்கின் ‘தி ஸ்டாண்ட்’ 1978, 1990 பதிப்புகள் பற்றியும் ஆசை உண்டு. சுமார் 400 பக்கம் திரும்பச் சேர்ந்த நாவல் அது. ஆனால் பதிப்புரிமை உள்ளதால் கோப்பு வைத்து ஓட்ட முடியாது, இரண்டு அச்சுப் புத்தகங்களையும் விரித்துவைத்துப் பென்சிலோடு உட்கார வேண்டும். கதை நடக்கும் ஆண்டே 1980இலிருந்து 1990க்கு நகர்ந்திருப்பதால் தேதி வேறுபாடுகளுக்குத் தனிக் குறியீடு வைத்துக்கொள்வது நல்லது.

அதற்கு முன் இங்கே நிறுத்தற்குறி ஓட்டம் பாக்கி. ரகசிய வாக்கியத்திலேயே 1818இல் ‘சீக்ரெட்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி இருக்கிறது. இன்று அச்சாகும் 1831 பாடங்கள் பலவற்றில் அது இல்லை. அது 1831 அச்சிலேயே போனதா, நவீனப் பதிப்பாளர் எடுத்ததா என்பதை மூல அச்சின் பக்கப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாவலின் தொடக்கத்தில் கடிதங்கள் எழுதும் கடற்பயணி வால்டனின் நான்காவது கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். ‘என் பைத்தியத்தில் உனக்கும் பங்கு உண்டா’ என்று அவனிடம் விக்டர் கேட்பது 1831இல் சேர்ந்த இடம். அதைச் சுற்றியுள்ள பத்திகளில் சொல் மாற்றமும் குறி மாற்றமும் பின்னிக்கிடக்கின்றன.