கெட்டி மேளத்தோடு வந்த ஒப்பாரி

அண்ணன் மகளின் திருமண வரவேற்பு கும்பகோணத்தில் மகாமகக் குளத்தருகே ஒரு மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உள்ளே நுழையும்போது என்ன பாட்டுப் போடுவது என்ற பொறுப்பை, தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் பெண்ணின் தம்பியிடம் விட்டிருந்தார்கள். அவன் தேர்ந்தெடுத்தது ‘ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென்’ என்ற ஐஸ்லாந்து இசைக்குழுவின் ‘லிட்டில் டாக்ஸ்’ என்னும் பாட்டு. தங்கள் நாட்டில் புதிய குழுக்களுக்காக நடக்கும் போட்டியில் 2010இல் முதல் பரிசு வாங்கி, மறு ஆண்டு வெளியிட்ட இந்தப் பாட்டின் மூலம் உலகம் முழுவதும் பெயரெடுத்த குழு அது. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை இன்றைக்கும் நான்கு லட்சத்தைத் தொடவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 24 லட்சம் பேர் இருக்கிறோம். அவ்வளவு சிறிய ஊர்க்காரர்கள் நம் வீட்டுக் கல்யாணத்தில் இப்படி ஒரு கலகத்தைக் கிளப்புவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கேளாதவர்களுக்காகச் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே டிரம்பெட் முழங்கும், அக்கார்டியன் கூடவே வரும், நடுநடுவே குழுவினர் அனைவரும் சேர்ந்து ‘ஹே!’ என்று கூவுவார்கள். கால் தானாகத் தாளம் போடும். சொற்களோ முற்றிலும் வேறு ஊரில் இருக்கின்றன. கணவனை இழந்த ஒரு பெண், அந்தப் பழைய வெறும் வீட்டில் தனியாக நடமாடப் பிடிக்கவில்லை என்கிறாள். என் கையைப் பிடித்துக்கொள், நான் உடன் வருகிறேன் என்று இறந்துபோன கணவன் பதில் சொல்கிறான். படிக்கட்டு கிறீச்சிடுகிறது, தூக்கம் வரவில்லை என்று அவள் முறையிடுகிறாள். அவன் சமாதானம் சொல்கிறான். பாட்டு முழுக்க இதுதான் நடக்கிறது.

இந்தப் பாட்டுக்குத்தான் எங்கள் வீட்டுப் பெண் பட்டுப்புடவையில், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, பன்னீர் தெளிக்கும் குழந்தைகளுக்கு நடுவே ஆடியபடி வந்தாள். முதல் ‘ஹே!’ வந்தபோது தோழிகள் மட்டும் கூவினார்கள். இரண்டாவதற்குக் குழந்தைகள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்தது வந்தபோது, பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த ஆட்கள்கூட இலையை உயர்த்திப் பிடித்துக் கூவினார்கள். பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொல்லிக் கூட்டம் கேட்டது. அவனும் போட்டான்.

நான் அண்ணன் மகனைத் தூணோரம் இழுத்துச் சென்று, இதன் பொருள் தெரிந்துதான் போட்டாயா என்று விசாரித்தேன். அவன் சற்றும் அசரவில்லை. “தெரியும் சித்தப்பா. இதுல ரெண்டு கட்சி இருக்கு” என்றான். கணவன் இறந்துவிட்டான், அவனுடைய ஆவிதான் பேசுகிறது என்பது ஒரு கட்சியாம். இல்லை, அந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, குரல் அவள் மனத்துக்குள்தான் கேட்கிறது என்பது மறு கட்சியாம். அவனுடைய விடுதியில் இதற்காக இரவெல்லாம் விவாதம் நடந்திருக்கிறது. ஆவியா, பேதலிப்பா என்ற இரண்டில் எது கல்யாணத்துக்கு உகந்தது என்று நான் கேட்டதற்கு, தாளம் உகந்தது என்று பதில் வந்தது.

இதற்குள் சம்பந்தி எழுந்து வந்துவிட்டார். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்; ஆங்கிலப் பத்திரிகையை எழுத்து விடாமல் படிப்பவர்; போதாக்குறைக்கு ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார வைக்கப்பட்டிருந்தார். மற்றவர்களுக்கு ‘ஹே!’ மட்டும் கேட்ட இடத்தில் அவருக்கு முழு வாக்கியங்கள் கேட்டுவிட்டன. “சம்பந்தி, பழைய வீடு, வெறும் வீடு என்றெல்லாம் காதில் விழுகிறதே, என்ன பாட்டு இது?” என்று என்னைக் கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்த பையன் தானே முன்வந்து, கதை முழுவதையும் அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டான். அவன் நேர்மையை மெச்சுவதற்கு அது நேரமில்லை. சம்பந்தியின் முகம் சிவந்தது. மங்கல காரியத்தில் இழவுப் பாட்டை வைக்கலாமா, அதற்கு ஓர் ஊரே ஆடலாமா என்று அவர் தொடங்கினார்.

சம்பந்தி ஆண்டுதோறும் திருவையாறு ஆராதனைக்குப் போகிறவர் என்பதைப் பையன் எப்படியோ தெரிந்துவைத்திருந்தான். “மாமா, தியாகராஜ சுவாமிகள் 1847இல் சித்தியடைந்த திதியில்தானே ஆராதனை நடக்கிறது? அன்றைக்குச் சமாதிக்கு முன்னால் நாட்டையில் ஆரம்பித்து ஸ்ரீராகம் வரைக்கும் பஞ்சரத்தினம் பாடுகிறார்கள், நீங்களும் தொடை தட்டித் தாளம் போடுகிறீர்கள். யாராவது அழுகிறார்களா?” என்று மிகப் பணிவாகக் கேட்டான். சம்பந்தி வாயைத் திறந்தார், மூடினார். அது வேறு, இது வேறு என்றார். என்ன வேறு என்று சொல்வதற்கு முன் அவருக்குக் காப்பி வேண்டியிருந்தது. கும்பகோணத்தில் காப்பி குடிக்கப் போகிறேன் என்பவரைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

இந்த வழக்கில் எனக்குச் சரியென்று பட்ட தீர்ப்பைச் சொன்னவர் தவில்காரர். மாப்பிள்ளை அழைப்பு வாசித்து முடித்துவிட்டு, தவிலுக்கு உறை போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் முகாரி வாசித்தால் சம்பளம் கைக்கு வராது என்பது அவருக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்தே தெரிந்த பாடம். ஆனாலும் அவர் வெள்ளைக்காரர்களின் பக்கம் நின்றார். “கெட்டி மேளம் எதுக்குங்க? தாலி ஏறுற நேரத்துல யாராவது தும்மினாலும், ஆகாத வார்த்தை சொன்னாலும், காதுல விழக்கூடாதுன்னுதானே? இவங்க ஆகாத வார்த்தையையும் அவங்களே பாடி, கெட்டி மேளத்தையும் அவங்களே அடிச்சுடறாங்க. பத்திரமான ஏற்பாடு” என்றார். அந்த டிரம்பெட்டின் வேலை இன்னதென்று இத்தனை துல்லியமாக எந்த இசை விமரிசகரும் எழுதி நான் படித்ததில்லை. அதே சொற்களை மெதுவாக, கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு முனகியிருந்தால், பத்தோடு பதினொன்றாக ஒரு சோகப் பாட்டு என்று நாம் அனைவரும் கொட்டாவி விட்டிருப்போம் என்பது என் கருத்து.

சமையல் ஆட்களில் ஒருவர், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று வியந்தார். அவர்கள் ஊரில் தொண்ணூறு வயதுக் கிழவர் போனால் கல்யாணச் சாவு என்று தப்படித்து, வெடி போட்டு, ஆடிக்கொண்டுதான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவார்களாம். சொல்லிவிட்டு அவர் ரசத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

உண்மையான ரசிகை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் அத்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மாமா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர் மாமா. விளைவித்ததில் ஒரு பகுதியைச் சந்தைக்கு அனுப்பினார், மறுபகுதியைத் தாமே மென்றார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். வாயில் எப்போதும் தாம்பூலம் இருந்ததால், அத்தை எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வந்த ஒரே பதில் ‘ம்’ என்பதுதான். மகளுக்கு வரன் பார்த்தபோதும் ‘ம்’. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது என்ன நிறம் என்று கேட்டபோதும் ‘ம்’.

இந்த அத்தையிடம் பாட்டின் கதை போய்ச் சேர்ந்துவிடக்கூடாது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவரே பையனை அழைத்து அருகில் உட்காரவைத்து வரிவரியாகப் பொருள் கேட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்குவார் என்று நினைத்து நான் தண்ணீர்க் குவளையோடு போனேன். அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“செத்ததுக்கப்புறமும் அந்த மனுஷன் பதில் சொல்றானாமேடா?” என்றார். “ஆமாம் அத்தை” என்றேன். “கேட்டதுக்கெல்லாமா?” “கேட்டதற்கெல்லாம்.” சற்று நேரம் யோசித்தார். “கொடுத்து வச்சவ. உங்க மாமா உசுரோட இருந்தப்பவே சொன்னதில்லை.”

அதைக் கேட்டுப் பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. அதில் கணவர்கள் உயிரோடு, அதே மண்டபத்தில், சற்றுத் தொலைவில் உட்கார்ந்திருந்த சிலர்தான் அதிகமாகச் சிரித்தார்கள். உற்சாகமடைந்த பையன், ஆவிக் கட்சி, பேதலிப்புக் கட்சி ஆகிய இரண்டையும் அத்தையின் முன் வைத்துத் தீர்ப்புக் கேட்டான். அத்தை இரண்டையும் தள்ளிவிட்டார். அவரும் தினமும் மாமாவிடம் பேசுகிறாராம். தண்ணீர் மோட்டார் பழுதானதையும், பக்கத்து வீட்டார் சுவரைத் தள்ளிக் கட்டியதையும் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கிறாராம். அதற்கு ஆவியும் வேண்டாம், பேதலிப்பும் வேண்டாம், பழக்கம் போதும் என்றார். படிக்கட்டு கிறீச்சிடுகிறது என்ற வரி மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அந்த ஊரில் தச்சரே கிடையாதா என்று கேட்டார்.

சம்பந்தி காப்பியை முடித்துவிட்டு வந்து, அத்தையே ஆட்சேபிக்காதபோது தாம் என்ன சொல்வது என்று விட்டுக்கொடுத்தார். மறுநாள் முகூர்த்தத்தில் மட்டும் அந்தப் பாட்டு வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். வைக்கவில்லை. ஆனால் நாதஸ்வரக்காரர், தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்குக் கலையும் நேரத்தில், அந்த டிரம்பெட் மெட்டைப் போகிற போக்கில் ஒருமுறை ஊதிப் பார்த்தார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ‘ஹே!’ என்று பதில் வந்தது.

இப்போது அந்தப் பாட்டுத்தான் அத்தையின் கைப்பேசியில் அழைப்பொலி. பையன் வைத்துக்கொடுத்திருக்கிறான். இதில் ஒரு தொல்லை என்னவென்றால், அந்தக் கணவன் வாயைத் திறந்து கையைப் பிடித்துக்கொள் என்று சொல்லும் இடம் வரும்வரை அத்தை அழைப்பை எடுப்பதில்லை. டிரம்பெட் முழங்கி முடிந்து, அந்தப் பெண் தன் முறையீட்டைச் சொல்லி, அதற்கு அவன் பதில் சொல்வதற்குள் பாதிப் பேர் பொறுமையிழந்து துண்டித்துவிடுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் அத்தைக்கு எதையாவது தெரிவிக்க வேண்டுமானால் தொலைபேசியை நம்புவதில்லை. பால்காரரிடம் சொல்லி அனுப்புகிறோம்.