எல்லாரும் ஹைன்ரிஷ்: ராய்ஸ் குடும்ப மரம் வரைந்த கதை

ராய்ஸ் குடும்பத்தின் வம்சாவளியை வரைய உட்கார்ந்தபோது ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். ஜெர்மனியின் பெரிய அரச குடும்பங்களை விட்டுவிட்டு இவர்களைப் பிடித்ததற்குக் காரணமே நாடு சின்னது என்பதுதான். துரிங்கியாவின் கிழக்கு ஓரத்தில் மூத்த கிளை ஆண்ட கிரைட்ஸ் நாடு மொத்தமே சுமார் 317 சதுர கிலோமீட்டர். இளைய கிளையின் கேரா நாடு அதைப்போல் இரண்டரை மடங்கு. சின்ன நாடு, சின்ன மரம் என்று நினைத்தேன். இப்போது ஆறாவது மாதம் ஓடுகிறது.

இந்தக் குடும்பத்து ஆண்கள் அத்தனை பேருக்கும் பெயர் ஹைன்ரிஷ். ஆண்டவர்களுக்கு மட்டும் இல்லை. தம்பி, சித்தப்பா, பெரியப்பா மகன், தொட்டிலிலேயே இறந்த குழந்தை வரைக்கும். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் 6ஆம் ஹைன்ரிஷ் தங்கள் முன்னோருக்கு வைடா பக்கத்தில் அதிகாரம் கொடுத்தார், அந்த நன்றிக்குத்தான் இந்தப் பெயர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். பேரரசர் சார்பில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்கு ஃபோக்ட் என்று பெயர். அந்த வட்டாரத்துக்கு இன்றைக்கும் ஃபோக்ட்லாந்து என்றுதான் பெயர். 'ராய்ஸ்' அப்புறம் வந்தது. 13ஆம் நூற்றாண்டில் பிளாவன் ஊர் ஹைன்ரிஷ் ஒருவர் ருத்தேனிய (பழைய ருஸ் நாட்டு) அரச வம்சத்தில் வந்த பெண்ணைக் கட்டினார். அந்தச் சம்பந்தத்தால் 'ருஷ்யக்காரர்' என்று ஒட்டிய பட்டப்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. குடும்பப் பெயரே ஒரு பெண் வழியாக வந்தது என்பதை அப்போது கவனித்திருந்தால் எனக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதல் முயற்சி சார்ட் பேப்பரில். சகோதரர்கள் மூவர் சொத்தைப் பிரித்துக்கொண்ட 1564இலிருந்து தொடங்கினேன். மூத்தவர் கிளை, நடுவிலவர் கிளை, இளையவர் கிளை. நடுக் கிளை 1616இலேயே வாரிசின்றிப் போனது, அதனால் மிச்சம் இரண்டுதான். தைரியமாக இறங்கினேன். இளைய கிளையில் 19ஆம் நூற்றாண்டுக்கு வந்ததும் இடித்தது. ஆண்டுகொண்டிருந்தவர் 67ஆம் ஹைன்ரிஷ். அவருக்குக் கீழே மகன், 14ஆம் ஹைன்ரிஷ். எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று அழித்தேன். திரும்பப் பார்த்து அதையே எழுதினேன். மறுபடி அழித்தேன். பேப்பர் கிழிந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் விதி பிடிபட்டது. எண் அரியணைக்கு உரியது இல்லை, பிறப்புக்கு உரியது. கிளையில் எந்த வீட்டில் ஆண் குழந்தை பிறந்தாலும் அடுத்த எண் அதற்குப் போகும். இளைய கிளையில் நூற்றாண்டு மாறினால் எண்ணும் ஒன்றிலிருந்து தொடங்கும். அப்பா பிறந்தது 1789, அதனால் 67. மகன் பிறந்தது 1832, அதனால் 14. பேரன் 1858இல் 27, கொள்ளுப்பேரன் 1895இல் 45. மூத்த கிளைக்கு விதி வேறு: நூறு வரைக்கும் எண்ணிவிட்டு மறுபடி ஒன்றுக்குப் போக வேண்டும். நூறு பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்துவைத்த அந்தக் கிளை 24ஐத் தாண்டவே இல்லை. அங்கே அப்பா 20, மகன் 22, பேரன் 24 என்று வரிசை இரட்டைப்படையில் போகும். 23 எங்கே என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். 22இன் தம்பிக்குப் போயிருக்கிறது. சிறு வயதிலேயே இறந்துவிட்டான்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு இலவச மென்பொருள் ஒன்றுக்கு மாறினேன். அங்கே நடந்த கூத்துக்கு முழுப் பொறுப்பு நான்தான். பிறந்த ஆண்டு இல்லாத ஒரு பட்டியலை உள்ளே ஏற்றினேன். 'ஒரே நபர் இரண்டு முறை இருப்பதுபோல் தெரிகிறது, இணைக்கலாமா?' என்று அது கேட்டது. பெயர் ஒன்று, எண் ஒன்று, குடும்பமும் ஒன்று. சரி, சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனேன். முடிவில் விக்டோரியா ராணியின் கொள்ளுத்தாத்தா 1927இல் இறந்ததாகக் காட்டியது. ராணியே 1901இல் போய்ச் சேர்ந்தாயிற்று. இளைய கிளையின் உட்பிரிவான எபர்ஸ்டோர்ஃப் ஊரின் 24ஆம் ஹைன்ரிஷையும் (1724–1779) கிரைட்ஸின் கடைசி 24ஆம் ஹைன்ரிஷையும் (1878–1927) ஒரே ஆளாக்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து பெயரை நம்புவதை விட்டேன். ஒவ்வொருவருக்கும் நானே ஒரு அடையாளம் போட்டேன்: கிளையின் முதல் எழுத்து, பிறந்த ஆண்டு, கடைசியில் எண். 'எ-1724-24', 'கி-1878-24' என்று. இன்னொரு காரியமும் செய்தேன், அதுதான் உண்மையில் கைகொடுத்தது: பெண்களை முதலில் எழுதினேன். அம்மா, மனைவி, மகள் யாரென்று தெரிந்தால் எந்த ஹைன்ரிஷ் என்பது தானாக வந்துவிடும். இந்த வீட்டில் தனிப் பெயர் உள்ளவர்கள் அவர்கள் மட்டும்தான்.

அப்படிப் போனபோது வீட்டின் கதையும் பெண்கள் பக்கமே தடிமனாக இருப்பது தெரிந்தது. எர்ட்முத்தே டோரோத்தேயா 1722இல் கட்டிக்கொண்டது ட்சின்ட்சென்டார்ஃப் பிரபுவை. ஹெர்ன்ஹூட் சகோதர சபையை உருவாக்கியவர் அவர். அந்தச் சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார்கள். எர்ட்முத்தே அதற்கு நான்கு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

எபர்ஸ்டோர்ஃப் ஔகுஸ்தேதான் (1757–1831) எனக்குப் பிடித்த பெட்டி. மேலே சொன்ன 1724க்காரரின் மகள், கோபுர்க் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். இவருடைய மகள் வயிற்றுப் பேத்தி விக்டோரியா ராணி. மகன் வயிற்றுப் பேரன் ஆல்பர்ட். அதாவது ராணி கட்டிக்கொண்டது சொந்த மாமன் மகனை. முன்னோருக்கு எண் போடும் ஒரு முறை உண்டு: நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3, யாருடைய எண்ணை இரட்டித்தாலும் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. ராணியின் மகன் ஏழாம் எட்வர்டை 1 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஔகுஸ்தே 9ஆவது பெட்டியில் வந்தார். 15ஆவது பெட்டியிலும் வந்தார். இந்த முறை மென்பொருள் இணைக்கலாமா என்று கேட்டபோது சரி என்றது சரியாகவே இருந்தது.

கிரைட்ஸின் கடைசி 24க்குச் சிறு வயதில் நடந்த விபத்தால் ஆள முடியாமல் போனது. இளைய கிளைக்காரர்கள்தான் அவர் சார்பில் நாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு ஐந்து தங்கைகள். அதில் ஹெர்மினே, விதவையாக இருந்தவர், 1922இல் நெதர்லாந்தின் டூர்ன் ஊரில் பதவியிழந்து ஒதுங்கியிருந்த கைசர் இரண்டாம் வில்ஹெல்மை மறுமணம் செய்துகொண்டார். இவருடைய அப்பா 22 வாழ்நாளெல்லாம் பிரஷ்யாவைப் பிடிக்காதவர். 1866இல் பிரஷ்யப் படை கிரைட்ஸுக்குள் புகுந்ததை அவர் மறக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் பிரஷ்ய மன்னர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்ததை வரையும்போது சிரிப்பு வந்தது.

ஆண்களில் ஒருவரை மட்டும் எண் இல்லாமல் அடையாளம் காணலாம். ஹைன்ரிஷ் போஸ்துமுஸ் (1572–1635). அப்பா இறந்த பிறகு பிறந்ததால் அந்தப் பெயர். கேராவில் 1608இல் உயர்பள்ளி நிறுவியவர். சாவதற்கு முன்பே தன் செப்புச் சவப்பெட்டியைத் தயாராக்கி, அதில் எந்த பைபிள் வசனங்களைப் பொறிக்க வேண்டும் என்று தானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அவருடைய நாட்டுக்கு உட்பட்ட கோஸ்ட்ரிட்ஸில் பிறந்த ஹைன்ரிஷ் ஷூட்ஸ் (ஆமாம், இவரும் ஹைன்ரிஷ்தான், நல்ல வேளையாகக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை) அந்த வசனங்களுக்கே இசை அமைத்தார். 1636 பிப்ரவரியில் நடந்த அடக்கத்தில் அது பாடப்பட்டது. பெட்டி நிரப்பும் வேலையை நிறுத்திவிட்டு அதை இரண்டு முறை கேட்டேன். அன்றைக்கு மரம் ஒரு அங்குலம்கூட வளரவில்லை.

வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தால் கேட்பது வேறு ஒருவரை: 2022 டிசம்பரில் ஜெர்மனியில் ஆட்சிக் கவிழ்ப்புச் சதிக் குற்றச்சாட்டில் கைதான 13ஆம் ஹைன்ரிஷ். அவர் 1951இல் பிறந்தவர், 20ஆம் நூற்றாண்டு எண்ணிக்கையில் 13. கிரைட்ஸை 1800 முதல் 1817 வரை ஆண்ட 13 வேறு. என் கோப்பில் தேடினால் இரண்டும் அடுத்தடுத்து வரும், ஆண்டைப் பார்த்துத்தான் தொட வேண்டும்.

போன வாரம் சார்ட் பேப்பரை மறுபடி விரித்து, இளைய கிளையின் தலைவர்கள் வரிசையை மட்டும் பென்சிலால் புதிதாக வரைந்தேன். 67, 14, 27, 45. கேராவின் கடைசி மன்னர் 27, 1918இல் முடி துறந்தார். அவர் மகன் 45 நாடகக் கொட்டகையே கதி என்று இருந்தவர். 1945இல் சோவியத் படையினர் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. 1962இல் நீதிமன்றம் இறந்ததாக அறிவித்தது. பிள்ளை இல்லாததால் 1935லேயே கோஸ்ட்ரிட்ஸ் கிளையிலிருந்து ஒருவரைத் தத்தெடுத்திருந்தார். 1910இல் பிறந்தவர் என்பதால் அவர் 1ஆம் ஹைன்ரிஷ். 45க்குக் கீழே புள்ளிக்கோடு இழுத்து 1 என்று எழுதினேன். இந்தத் தடவை ரப்பரைத் தேடவில்லை.