பொண்ணுக்கு தோட்டா தேடி அலைஞ்ச கதை

2021 மார்ச், மினசோட்டால ஸ்னோ இன்னும் முழுசா உருகல. ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒரு பேப்பரை நீட்டி, அப்பா ட்ராப் டீம்ல சேரப்போறேன் கையெழுத்து போடுன்னா. ஏதோ நாடக டீம் போலன்னு நெனச்சு பேனாவை எடுத்துட்டேன், கீழ படிச்சா ஷாட்கன்னு இருக்கு. அம்மாக்காரி அடுப்படியில இருந்தே "ஏன்டி, ஊர்ல இல்லாத டென்னிஸ் இல்லையா செஸ் இல்லையா"ன்னு ஆரம்பிச்சுட்டா.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளங்கை அளவுல ஆரஞ்சு கலர் தட்டு ஒண்ணு தரையோட இருக்கற ஒரு குட்டி அறையில இருந்து விர்ருன்னு பறக்கும், 16 கஜம் பின்னாடி நின்னு அதை சுட்டு ஒடைக்கணும், 25 தட்டு ஒரு ரவுண்டு, அவ்ளோதான் விளையாட்டு. இங்க நூத்துக்கணக்கான ஸ்கூல்ல டீம் இருக்கு, ஜூன்ல அலெக்சாண்ட்ரியாங்கற ஊர்ல ஸ்டேட் போட்டி, அது திருவிழா மாதிரி நாள் கணக்குல நடக்கும். மொதல்ல பாதுகாப்பு வகுப்பு முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கணும், அதை அவ எனக்கு முன்னாடியே முடிச்சு வச்சிருந்தா, கில்லாடி.

எனக்கு துப்பாக்கி சமாச்சாரம் ஒண்ணுமே தெரியாது. ஊர்ல தாத்தா வீட்ல காட்டுப்பன்னி விரட்ட லைசன்ஸ் வாங்கின ரெட்டைக்குழல் ஒண்ணு இருந்துச்சு, தோட்டாவை அவர் கல்யாண நகை மாதிரி எண்ணி எண்ணி வைப்பாரு, அது மட்டும் ஞாபகம் இருக்கு. இங்க வந்தும் ரொம்ப வருஷம் எச்-1பி. விசாவுல இருக்கறவங்க பொதுவா துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம், வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு. எதுக்கு வம்புன்னு அந்தப் பக்கமே தலை வச்சு படுக்கல. 2019ல க்ரீன் கார்டு வந்துச்சு, அப்பவும் படுக்கல.

கோச் சொன்னாரு, துப்பாக்கி கிளப்ல இரவல் தரலாம், ஷெல், அதான் ஷாட்கன் தோட்டா, அதை மட்டும் நீங்க பாத்துக்கணும்னு. சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு, அதோட அர்த்தம் அடுத்த வாரம்தான் புரிஞ்சுது. வாரத்துக்கு 50 சுடணும், ப்ராக்டிஸ் சேத்தா சீசனுக்கு 500 வரும். ஒரு டப்பாவுல 25, பத்து டப்பா சேந்தா ஒரு ஃப்ளாட், ஆக ரெண்டு ஃப்ளாட். முந்தின சீசன்ல பெத்தவங்க ஃப்ளாட் 60 டாலருக்குள்ள வாங்கினாங்களாம். சரி 120 டாலர், பியானோ கிளாஸை விட சீப்புன்னு நானும் தெனாவெட்டா கெளம்பினேன்.

கடையில ஒண்ணும் இல்ல. ஒண்ணுமேன்னா நெஜமாவே ஒண்ணும் இல்ல, நீள நீளமா காலி அலமாரி, வெல சீட்டு மட்டும் ஒட்டியிருக்கு, கடைசியில வாத்து வேட்டைக்கான ஸ்டீல் ரவை, அதான் குட்டிக் குட்டி குண்டு, போட்ட ஷெல் கொஞ்சம், ஒத்தை குண்டு ஸ்லக் கொஞ்சம். வாத்துக்கு ஈயம் கூடாதுன்னு 1991ல இருந்து நாடு முழுக்க சட்டம், அதனால அது தனி ரகம், கிளப்ல ரெண்டையும் சேக்க மாட்டாங்க, ட்ராப்புக்கு ஏழரைங்கற சைஸ் நம்பர் ஈய ரவை, இல்லன்னா அதை விட சின்னது தான். எனக்கு ஏழரைன்னு கேட்டதுமே வேற ஏழரை ஞாபகம் வந்துச்சு, அது சரியாவும் போச்சு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா ஃபெடரல்ங்கற தோட்டா கம்பெனியோட ஃபேக்டரி அனோகால இருக்கு, 1922ல இருந்து அங்கதான், எங்க மேப்பிள் க்ரோவ் வீட்ல இருந்து கார்ல அரை மணி நேரம் கூட ஆகாது. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னு சொல்வாங்களே, அதேதான். அவங்க செய்யாம இல்ல, அந்தக் கம்பெனி தலைவர் 2020 கடைசியில ஒரு வீடியோவே போட்டாரு, நாங்க எதையும் ஒளிச்சு வைக்கல, நூறு கோடி டாலருக்கு மேல ஆர்டர் பாக்கி நிக்குதுன்னு. கொரோனா, தேர்தல், ஊர்ல கலவரம் எல்லாம் ஒண்ணா வந்த வருஷம் அது, துப்பாக்கி வாங்க வர்றவங்களை எஃப்பிஐ விசாரிக்கற பேக்ரவுண்ட் செக் மட்டும் கிட்டத்தட்ட 3 கோடியே 97 லட்சம், எல்லாமே விற்பனை இல்ல தான், ஆனா அது வரைக்கும் இல்லாத ரெக்கார்டு. புதுசா வாங்கினவன் ஒவ்வொருத்தனும் ரெண்டு டப்பா தோட்டா வாங்கினா என்ன ஆகும் சொல்லுங்க. அந்த நேரம் பாத்து ரெமிங்டன்ங்கற துப்பாக்கி கம்பெனி 2020 ஜூலைல திவால், ஆர்கன்சால இருந்த அவங்க தோட்டா ஃபேக்டரி ஃபெடரலோட தாய்க் கம்பெனி கைக்கு மாறுச்சு. எல்லாத்துக்கும் மேல ப்ரைமர், அதான் ஊசி தட்டினதும் பத்திக்கற அந்தக் குட்டிப் பித்தளை மூடி, பெரும்பாலான தோட்டாவுக்கு அது வேணும், இங்க அதை பெருசா செய்யற கம்பெனிங்க விரல் விட்டு எண்ணிடலாம்.

ஆன்லைன்ல பாத்தேன். ஒரு எடத்துல ஃப்ளாட் 98 டாலர், பரவாயில்லன்னு கடைசி வரைக்கும் போனா ஷிப்பிங் 30, மொத்தம் 128, ஒரு ஷெல்லு 51 சென்ட். ஃப்ளாட் ஒண்ணு 25 பவுண்டு கனம், ஈயமாச்சே, அதான் ஷிப்பிங் தலையில அடிக்குது, ஷெல் வெலையை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. இன்னொரு எடத்துல ஆர்டர் எடுத்துக்கிட்டு மூணு வாரம் கழிச்சு சாரி ஸ்டாக் இல்லன்னு மெயில், காசு திரும்பி வர இன்னும் பத்து நாள். நாமளே ஷெல் ரொப்பிக்கலாம்னு ஒரு அப்பா கராஜ்ல மெஷின் காட்டினாரு, காலி ஓடு சாக்கு நெறைய இருக்கு, வெடிமருந்து இருக்கு, ரவை இருக்கு, ப்ரைமர் இல்ல! பசங்களுக்கு கம்பெனி ஷெல் தான்னு கோச் வேற கண்டிப்பா சொல்லிட்டாரு.

அப்புறம்தான் அந்த விவசாயக் கடை. மாட்டுத் தீவனம், கோழிக்கூண்டு, டிராக்டர் பெல்ட் விக்கற எடம், வீட்ல இருந்து ஒரு மணி நேரம், சனிக்கெழம காலைல போறேன், லாரி வந்து எறக்கிட்டு இருக்கான், டப்பா 7 டாலர் 99 சென்ட், ஏழரை நம்பர், ஆளுக்கு ஆறு. கைகால் ஓடல. பக்கத்துல ஒரு பெரியவர் மடக்கு சேரே கொண்டு வந்திருக்காரு. ஆறை அள்ளிட்டு வந்து வீட்ல டேபிள்ல அடுக்கி வச்சேன், ஏதோ வேட்டையாடின புலி மாதிரி. பொண்ணு ஒண்ணைப் பிரிச்சுப் பாத்துட்டு கையை எடுத்துட்டா. "அப்பா, மஞ்சளா இருக்கு."

மஞ்சளா இருந்தா என்ன? 20 கேஜுப்பா, நம்மளுது 12. நான் சொன்னேன், 20ன்னா 12ஐ விட பெருசு தானே, இன்னும் நல்லதுன்னு. அவ பாத்த பார்வை இருக்கே.

அன்னிக்கு சாயங்காலம் கோச் ஒரு காலி 12 கேஜ் துப்பாக்கியைப் பிரிச்சு வச்சு வெளக்கினாரு. ஒரு பவுண்டு ஈயத்தை சமமா 12 உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை என்ன சைஸோ அதுதான் 12 கேஜ் குழல், 20 உருண்டையா உருட்டினா உருண்டை சின்னதாயிடும், அதனால நம்பர் ஏற ஏற குழல் குறுகும். இப்ப தெரியாம 20 ஷெல்லை 12ல போட்டா அது நிக்க வேண்டிய எடத்துல நிக்காது, வழுக்கிட்டுப் போய் குழலுக்குள்ள கொஞ்சம் முன்னாடி சிக்கிக்கும். சுட்டா வெடிக்காது, தெறந்து பாத்தா காலியா இருக்கற மாதிரி தெரியும், அடடா லோட் பண்ண மறந்துட்டோம்னு பின்னாடியே 12 ஷெல்லைப் போட்டு சுட்டா குழலே வெடிச்சுடும். நம்ம இடது கை பிடிச்சிருக்கற எடத்துக்குக் கிட்ட. அதுக்குத்தான் இந்த ஊர்ல 20க்கு மட்டும் மஞ்சள் ஓடு. "அந்த டப்பாவை காரை விட்டே எறக்காத"ன்னாரு. எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு, 7 டாலர் 99 சென்ட் மட்டும் தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க, டப்பா மேலயே பெருசா 20ன்னு போட்டிருக்கான்.

நல்ல வேளை, டீம்ல ஒரு ஒல்லிப் பையன் 20 கேஜ் சுடறான், அவங்க அம்மா 12 கிடைச்ச அளவுக்கு 20 கிடைக்கலன்னு பொலம்பிட்டு இருந்தாங்க. என் ஆறு மஞ்சளுக்கு 12 கேஜ் செவப்பு டப்பா ஏழு குடுத்தாங்க, வேணாம்னு சொன்னேன், ரெண்டு தடவை சொன்னேன், மூணாவது தடவை சொல்லல.

மிச்சம் எல்லாம் டீம் மூலமாதான் கெடைச்சுது. கோச்சும் அவர் சம்சாரமும் எல்லார்கிட்டயும் காசு வசூல் பண்ணி ஒரு சின்ன கடைக்காரர் மூலமா மொத்தமா பேலட் சொல்லி வச்சிருந்தாங்க, மே மாசம் வந்துச்சு, டப்பா 8 டாலர் 40 சென்ட். ஒரு ஷெல்லுல ஒண்ணே அரைக்கால் அவுன்ஸ் ரவை வேணும்னு பெரியவங்க அடம் புடிப்பாங்க, எங்களுக்கு வந்தது ஒரு அவுன்ஸ் தான், சின்னப் பசங்களுக்கு அதுதான் தோள்ல இடிக்காது, தட்டு என்னவோ ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஒடையுது.

ஜூன்ல அவ ஒரு ரவுண்டுல 21 அடிச்சா. விட்ட நாலுல மூணு இடது ஓரம், அதைப் பத்தி ரெண்டு நாள் பேசினா.

இப்ப அலமாரி எல்லாம் ரொம்பிடுச்சு, ஆனா அந்தப் பக்கம் போனா எனக்கு ஒரு டப்பா எடுக்காம வர முடியல. 2020 மார்ச்ல வீட்டுக்காரி இண்டியன் ஸ்டோர்ல நாலு மூட்டை சோனா மசூரி வாங்கிப் போட்டப்ப நான் பண்ணின கிண்டலை அவ மறக்கல. போன வாரம் கராஜ்ல 14 டப்பாவைப் பாத்துட்டு, "ஏங்க, இதை எத்தனை விசில் விடணும்"னு கேட்டா.